கோர்ட்டில் விவாகரத்து ஆயிற்று, ஆலயத்தில்? திருமணச் செல்லாமை வழக்கு: வாசகர் கேள்வி பதில்

கத்தோலிக்கத் திருமணச் செல்லாமை வழக்கு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, திருச்சபைச் சட்டம் அறிந்தவர்கள் இங்கே பதில் தருகிறார்கள். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பும், அதில் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் செய்த திருத்தங்களும்தான் இந்தப் பதில்களுக்கு அடிப்படை. சீரோ-மலபார் போன்ற கீழைத் திருச்சபைகளுக்குத் தனிச் சட்டத் தொகுப்பு உண்டு. வழக்கு நடக்கும் முறை அங்கும் ஏறக்குறைய இதுவே.

கேள்வி: கோர்ட்டில் விவாகரத்து வாங்கியாகிவிட்டது. மறுமணத்துக்காகப் பங்குத்தந்தையிடம் போனால், "முந்தைய திருமணம் செல்லாது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயத்தில் தீர்ப்பு வாங்கி வாருங்கள்" என்கிறார். அரசாங்கமே பிரித்துவிட்ட பிறகு இது எதற்கு? கத்தோலிக்கர்களுக்கான விவாகரத்தா இது?

விவாகரத்து இல்லை. இருந்த திருமணத்தை ஒரு தேதியோடு முடித்துவைப்பது சிவில் நீதிமன்றத்தின் வேலை. திருச்சபைத் தீர்ப்பாயம் எதையும் முடித்துவைப்பதில்லை. திருமணம் நடந்த அந்த நாளில், அந்த இருவருக்கும் இடையில் செல்லுபடியாகும் திருமணம் உண்டானதா என்று மட்டும் விசாரிக்கிறது. உண்டாகியிருந்தால், திருமுழுக்குப் பெறாதவர் சம்பந்தப்பட்ட சில விதிவிலக்குகள் தவிர (அவை பின்னால் வரும்), மரணம் வரை அது நிற்கும் என்பது திருச்சபையின் நம்பிக்கை. கோர்ட் கொடுத்த தீர்ப்பால் அது கலைவதில்லை. அதனால்தான் உங்கள் பங்குத்தந்தை மறுமணத்துக்கு ஓலை வாசிக்க, அதாவது ஆலயத்தில் திருமண அறிவிப்புச் செய்யத் தயங்குகிறார்.

நடந்த திருமணம் ஒவ்வொன்றும் செல்லும் என்ற அனுமானத்தோடுதான் வழக்கு தொடங்கும் (சட்டம் 1060). செல்லாது என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். "இருவருக்கும் பிடிக்கவில்லை, இருவரும் ஒத்துக்கொள்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம்" என்றால் பல நாடுகளில் விவாகரத்து கிடைத்துவிடும். தீர்ப்பாயத்தில் அது எடுபடாது. இருவரும் ஒரே குரலில் கேட்டாலும், திருமணம் செல்லும் என்று வாதாட அங்கே ஓர் அதிகாரி இருக்கிறார். அவருக்குத் திருமண பந்தக் காவலர் என்று பெயர். அவர் இல்லாமல் நடந்த வழக்குக்கு மதிப்பே கிடையாது.

இந்தத் தீர்ப்பால் ஜீவனாம்சம், சொத்து, பிள்ளைகளின் பொறுப்பு பற்றிய சிவில் தீர்ப்புகள் மாறுவதில்லை. அந்தக் கடமைகளைத் தொடர்ந்து நிறைவேற்ற வேண்டும் என்று தீர்ப்பாயமே தன் தீர்ப்பில் இரு தரப்புக்கும் நினைவூட்ட வேண்டும் என்கிறது சட்டம் 1691.

கேள்வி: என் கணவர் குடிகாரர், அடிப்பார், வேறு பெண்ணோடும் தொடர்பு வைத்திருந்தார். இதைவிடப் பெரிய காரணம் என்ன வேண்டும்? ஆனால் "இது போதாது" என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் வேதனை உண்மையானது. பிரிந்து வாழ அது போதிய காரணமும்கூட. துணைக்கோ பிள்ளைகளுக்கோ கடுமையான ஆபத்து இருந்தால் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டமே அனுமதிக்கிறது (சட்டம் 1153). ஆனால் தீர்ப்பாயம் கேட்பது வேறு கேள்வி. ஐந்தாம் வருடம் தொடங்கிய குடி, திருமண நாளில் கொடுத்த சம்மதத்தைப் பின்னோக்கிப் போய்ச் செல்லாததாக்குமா? ஆக்காது. மனுக்களில் பெரும்பாலானவை தடுமாறுவது இந்த இடத்தில்தான். பத்துப் பக்கம் எழுதியிருப்பார்கள். ஒன்பது பக்கம் சண்டைகளும் பிரிவும் பற்றியே இருக்கும். திருமணத்துக்கு முந்தைய மாதங்களைப் பற்றி இரண்டு வரிகூட இருக்காது.

அதே விவரங்களைத் தேதியோடு அடுக்கிப் பாருங்கள். அவர் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே குடிக்கு அடிமையாகி, வேலையில் நிற்க முடியாமல், சிகிச்சைக்குப் போய்வந்தவரா? அப்படியானால் திருமணத்தின் அடிப்படைக் கடமைகளை ஏற்க மனநிலைக் காரணங்களால் இயலாதவராக அன்றே இருந்தாரா என்ற கேள்வி எழும் (சட்டம் 1095, மூன்றாம் பிரிவு). அந்த இன்னொரு தொடர்பு திருமணத்துக்கு முன்பே இருந்து, "கல்யாணம் ஆனாலும் அவளை விடமாட்டேன்" என்று நண்பர்களிடம் சொல்லியிருந்தாரா? அப்படியானால் பிரமாணிக்கத்தை (துணைக்கு உண்மையாக இருப்பதை) மனதுக்குள் விலக்கிவைத்துவிட்டு வாயால் மட்டும் சம்மதம் சொன்னாரா என்று பார்ப்பார்கள் (சட்டம் 1101). சிகிச்சைக்குப் போனதை, நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்பதற்காகவே மறைத்தார்களா? அது ஏமாற்றுதல் பற்றிய சட்டம் 1098-இன் கீழ் வரலாம். அங்கே மூன்றைக் காட்ட வேண்டும்: மறைத்தது மற்றவரின் ஒரு தன்மையைப் பற்றியதாக இருக்க வேண்டும், அது இல்லற வாழ்வை இயல்பாகவே கடுமையாகக் குலைக்கக்கூடியதாக இருக்க வேண்டும், சம்மதம் பெறுவதற்காக மறைத்திருக்க வேண்டும்.

திருமணத்துக்குப் பின் நடந்தவை வீண் என்று நினைக்க வேண்டாம். அவை ஆதாரம் ஆகும், காரணம் ஆகா. தேனிலவிலேயே அந்தப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் என்பது, திருமண நாளில் அவர் மனதில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி. பதினைந்து வருடம் நன்றாக வாழ்ந்த பிறகு முளைத்த உறவு அப்படிச் சாட்சி சொல்லாது.

இன்னொரு எச்சரிக்கை. மனநிலைக் காரணத்தைச் சொல்லும்போது "அவர் பொறுப்பில்லாதவர், முதிர்ச்சி இல்லாதவர்" என்று மட்டும் எழுதினால் வழக்கு நிற்காது. கடமையை நிறைவேற்றுவது கடினமாக இருந்தது என்பதும், அது இயலவே இயலாது என்பதும் ஒன்றல்ல. இயலாமை மட்டுமே திருமணத்தைச் செல்லாததாக்கும் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987-இல் வத்திக்கானின் நீதிமன்றமான ரோமன் ரோட்டாவின் நீதிபதிகளிடம் தெளிவாகச் சொன்னார். தீர்ப்பாயங்கள் இன்றும் அந்த அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கின்றன.

கேள்வி: சரி, எந்தெந்தக் காரணங்களுக்குச் செல்லாது என்பார்கள்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மூன்று வகை உண்டு. முதலாவது, திருமண முறையில் குறை: கத்தோலிக்கர் ஒருவர் உரிய அதிகாரம் பெற்ற குரு அல்லது தியாக்கோன் (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு திருமணம் செய்திருக்க வேண்டும். அதற்கு விலக்கும் பெறாமல் வேறு விதமாகச் செய்திருந்தால் இந்தக் குறை வரும். இரண்டாவது, தடைகள்: ஏற்கெனவே ஒரு திருமண பந்தம் இருப்பது, திருமுழுக்குப் பெறாதவரை விலக்கு வாங்காமல் மணப்பது, நெருங்கிய இரத்த உறவு, திருமணத்துக்கு முன்பே இருந்த நிரந்தரமான ஆண்மைக்குறைவு அல்லது அதற்கு ஈடான பெண்ணின் இயலாமை போன்றவை. மலட்டுத்தன்மை தடையல்ல. அதை ஏமாற்றி மறைத்தால்தான் பிரச்சினை.

மூன்றாவது சம்மதத்தில் குறை. வழக்கமான விசாரணைக்கு வரும் வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் சேரும். தீர்மானிக்கும் பக்குவம் கடுமையாகக் குறைந்திருப்பது, கடமைகளை ஏற்க இயலாமை, ஏமாற்றப்படுவது ஆகியவை இதில் அடங்கும். பிள்ளை வேண்டாம், பிரமாணிக்கம் வேண்டாம், சரிவராவிட்டால் பிரிந்துவிடலாம் என்று முன்கூட்டியே மனதில் விலக்கிவைப்பதும் இதில்தான் வரும்.

கட்டாயத்தால் நடந்த திருமணமும் இந்த வகையே. அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அச்சம் கடுமையானதாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும், அதிலிருந்து தப்பத் திருமணத்தைத் தவிர வேறு வழி இல்லாத நிலை இருந்திருக்க வேண்டும். "அப்பா சொன்னார், சரி என்றேன்" என்பது போதாது. "மாட்டேன் என்றேன், வீட்டில் அடைத்தார்கள், அம்மா சாகப்போவதாக மிரட்டினார், ஆலயத்துக்கு வரும்வரை அழுதேன், இது என் தோழிக்குத் தெரியும்" என்றால் அது வழக்கு.

கேள்வி: எங்கே, எப்படித் தொடங்குவது? என்ன காகிதங்கள் வேண்டும்?

முதலில் உங்கள் பங்குத்தந்தை, அல்லது மறைமாவட்டத் தீர்ப்பாய அலுவலகம். வழக்கைக் கேட்கும் அதிகாரம் மூன்று இடத்துத் தீர்ப்பாயங்களுக்கு உண்டு: திருமணம் நடந்த இடம், இருவரில் ஒருவராவது குடியிருக்கும் இடம், பெரும்பாலான சாட்சிகளும் ஆதாரங்களும் கிடைக்கும் இடம். திருமணம் ஓர் ஊரில், முன்னாள் துணை வேறொரு நாட்டில் என்றாலும் நீங்கள் இருக்கும் இடத்திலேயே மனு கொடுக்கலாம். 2015-க்கு முன்பு இதில் சில கட்டுப்பாடுகள் இருந்தன. இப்போது இல்லை.

ஆலயத் திருமணச் சான்றிதழ், இருவரின் அண்மைக்காலத் திருமுழுக்குச் சான்றிதழ், சிவில் விவாகரத்துத் தீர்ப்பின் நகல், முன்னாள் துணையின் தற்போதைய முகவரி, சாட்சிகளின் பெயரும் தொடர்பு விவரமும் தேவைப்படும். பெரும்பாலான தீர்ப்பாயங்கள் விவாகரத்துத் தீர்ப்பைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இருவரும் மீண்டும் சேர்ந்து வாழ வழியே இல்லை என்று உறுதியான பின்புதான் நீதிபதி வழக்கை ஏற்க வேண்டும் (சட்டம் 1675).

திருமண ஆயத்தத்தின்போது இருவரும் நிரப்பிய விசாரணைப் படிவம் திருமணம் நடந்த பங்கில் இருக்கும். தீர்ப்பாயம் அதை வரவழைத்துக்கொள்ளும். அந்தக் காலத்துக் கடிதங்கள், குறுஞ்செய்திகள், மருத்துவச் சீட்டுகள் இருந்தால் எடுத்துவையுங்கள். பிரிந்த காலத்துச் செய்திகளைவிடத் திருமணத்துக்கு முந்தைய ஒரே ஒரு கடிதம் அதிகம் பேசும்.

இனி மனு. எந்தத் தீர்ப்பாயத்துக்கு, யார் மீது, எந்தக் காரணத்துக்காக, எந்த நிகழ்வுகளையும் ஆதாரங்களையும் வைத்து என்பது அதில் இருக்க வேண்டும். தேதி, கையெழுத்து, இருவரின் முகவரி கட்டாயம். நீளம் முக்கியமல்ல, வரிசை முக்கியம். இருவரும் வளர்ந்த குடும்பச் சூழல், அறிமுகம் ஆன விதம், பழகிய காலம், திருமண முடிவை எடுத்தவர் யார், நிச்சயத்துக்கும் திருமணத்துக்கும் இடையே நடந்தவை, திருமண நாள், முதல் சில மாதங்கள் ஆகியவற்றுக்கு மனுவின் முக்கால் பங்கை ஒதுக்குங்கள். பிரிவு பற்றிக் கால் பங்கு போதும். "எப்போதும் பொய் சொல்வார்" என்று எழுதாதீர்கள். எந்தப் பொய், யாரிடம், எப்போது, அதை நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதுங்கள்.

சட்ட எண்களை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தீர்ப்பாயத்தின் வழக்கறிஞரோ உதவியாளரோ அதைச் செய்துதருவார். மனுவுக்கு ஏதாவது அடிப்படை இருக்கிறது என்று கண்டால் தீர்ப்பாயத்தின் தலைமை நீதிபதியான ஜுடிஷியல் விகார் அதை ஏற்பார். நகல் எதிர்த்தரப்புக்கும் திருமண பந்தக் காவலருக்கும் போகும். கருத்துச் சொல்ல 15 நாள் அவகாசம். அதன் பிறகு, "இந்தக் காரணத்தால் இந்தத் திருமணம் செல்லாது என்பது நிரூபணமாகிறதா?" என்று விசாரணைக்குரிய கேள்வியை எழுத்தில் வரையறுத்து ஆணை வரும். அந்த ஆணையைக் கவனமாகப் படியுங்கள். அதில் எழுதியிருக்கும் காரணத்துக்கு மட்டும்தான் தீர்ப்பு. விசாரணையின் நடுவில் வேறு காரணம் தெளிவானால், அதைச் சேர்க்கச் சொல்லித் தனியே கேட்க வேண்டும்.

மனு தள்ளுபடியானால் 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். மனு ஏற்கப்பட்ட பிறகு, தடை எதுவும் இல்லாமலே தரப்பினர் 6 மாதம் எந்த நடவடிக்கையும் எடுக்காவிட்டால் வழக்கு தானாகவே காலாவதியாகும். தீர்ப்பாயத்திலிருந்து வரும் கடிதத்தை "பிறகு பார்க்கலாம்" என்று மேசையில் போட்டுவைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

கேள்வி: என் முன்னாள் கணவர் மனு போட்டிருக்கிறார். எனக்குத் தீர்ப்பாயத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவர் முகத்தையே பார்க்க எனக்கு விருப்பமில்லை. போகாமல் விட்டால் வழக்கு நின்றுவிடுமா?

நிற்காது. அழைப்புக் கடிதம் உங்களுக்குக் கிடைத்ததும், நீங்கள் காரணமின்றி வரவில்லை என்பதும் உறுதியானால், "வராத தரப்பு" என்று உங்களைக் குறித்துவிட்டு வழக்கு தொடரும். கடிதத்தை வாங்க மறுத்தாலும் அழைப்பு சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். உங்கள் மௌனத்தால் ஒரு பக்கக் கதை மட்டும் பதிவாகும். எங்கள் உறுதியான ஆலோசனை: பதில் அனுப்புங்கள்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த வழக்கில் குறுக்கு விசாரணைக் கூண்டு கிடையாது. ஒவ்வொருவரையும் தனித்தனி நாளில், தனி அறையில் விசாரிப்பார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் அங்கே இருக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை. நீங்கள் வேறு ஊரில் இருந்தால், உங்கள் ஊர்த் தீர்ப்பாயம் வழியாகவே உங்கள் வாக்குமூலத்தை வாங்கச் சொல்லலாம். நீங்கள் சொல்வதைத் தீர்ப்பாயத்தின் பதிவாளரான நோட்டரி எழுதுவார், அல்லது ஒலிப்பதிவு செய்து பிறகு எழுத்தில் கொண்டுவருவார்கள். படித்துக் காட்டுவார்கள். சேர்க்கவும் திருத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதன் பிறகே கையெழுத்து.

உங்கள் முன் உள்ள வழிகள் இவை. மனுவோடு உடன்பட்டு, ஆதாரமும் சாட்சியும் தரலாம். எதிர்க்கலாம், உங்கள் தரப்புக்கு வழக்கறிஞரையும் சாட்சிகளையும் வைத்துக்கொள்ளலாம். அல்லது "தீர்ப்பாயத்தின் நீதிக்கு விட்டுவிடுகிறேன்" என்று எழுதிக்கொடுக்கலாம். அப்படி எழுதிக்கொடுத்தாலும், விசாரணைக் கேள்வியை வரையறுக்கும் ஆணையும் இறுதித் தீர்ப்பும் உங்களுக்கு வந்து சேர வேண்டும். முதலில் போகாமல் இருந்துவிட்டு, தீர்ப்புக்கு முன் மனம் மாறி வந்தாலும் உங்கள் ஆதாரங்களைத் தர முடியும்.

மனுதாரர்களுக்கும் இதிலேயே ஒரு வார்த்தை. முன்னாள் துணைக்குத் தெரியாமல் இதை முடித்துவிடலாம் என்று நினைத்துத் தவறான முகவரி கொடுப்பவர்களும், "எங்கே இருக்கிறாரோ தெரியாது" என்று எழுதுபவர்களும் உண்டு. ஒரு தரப்புக்குத் தற்காப்பு உரிமை மறுக்கப்பட்டிருந்தால், வாங்கிய தீர்ப்பே திருத்த முடியாதபடி செல்லாததாகிவிடும் (சட்டம் 1620). அதை நம்பி நடந்த மறுமணம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முகவரி உண்மையாகவே தெரியாவிட்டால், கண்டுபிடிக்க நீங்கள் செய்த முயற்சிகளை எழுத்தில் கொடுங்கள். அவர் வன்முறையாளர், உங்கள் இருப்பிடம் அவருக்குத் தெரியக் கூடாது என்றால் அதைத் தொடக்கத்திலேயே தீர்ப்பாயத்திடம் சொல்லிவிடுங்கள். உங்கள் முகவரியைக் காப்பது பற்றி அவர்கள் முடிவெடுப்பார்கள்.

கேள்வி: சாட்சிகளாக யாரைப் போடலாம்? என் தங்கை சாட்சி சொன்னால் "சொந்தக்காரர்" என்று ஒதுக்கிவிடுவார்களா?

ஒதுக்கமாட்டார்கள். திருமணத்துக்கு முந்தைய உங்கள் நிலை வீட்டாருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும்தான் தெரியும். இந்த வழக்குகளில் அவர்களே முதன்மைச் சாட்சிகள். எண்ணிக்கையைவிட அவர்களுக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்பதுதான் எடை. திருமணத்துக்கு முன்பே இருவரையும் அறிந்த மூன்று பேர், பிரிந்த பிறகு உங்களைத் தேற்றிய பத்துப் பேரைவிடப் பயனுள்ளவர்கள். யாரையும் மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒரே வாசகம் மூன்று வாக்குமூலத்தில் வந்தால் நீதிபதிக்கு உடனே தெரிந்துவிடும். சாட்சிகளையும் தனித்தனியாகத்தான் விசாரிப்பார்கள்.

ஒரு குருவைச் சாட்சியாகப் போடலாம். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் (பாவ அறிக்கையில்) கேட்டதை அவர் சொல்ல முடியாது. நீங்களே "பரவாயில்லை, சொல்லுங்கள் சாமி" என்றாலும் முடியாது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைப் பொதுவாகச் சாட்சியாக ஏற்பதில்லை. வயது எதுவானாலும் உங்கள் சொந்தப் பிள்ளைகளை இதில் இழுக்காமல் இருப்பது நல்லது. திருமணத்துக்கு முன் நடந்தது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சாட்சியே இல்லை என்று கையைப் பிசைய வேண்டாம். இரு தரப்பின் வாக்குமூலமும், அவர்கள் நம்பத்தகுந்தவர்கள் என்று சொல்லும் சிலரின் சான்றும், அவற்றை மறுக்கும் வேறு எதுவும் இல்லாத நிலையும் சேர்ந்தாலே முழு ஆதாரமாகலாம் என்று 2015-இன் திருத்தம் இடம்கொடுத்திருக்கிறது (சட்டம் 1678).

மனநிலைக் காரணம் என்றால் உளவியல் அல்லது மனநல நிபுணரின் கருத்தைத் தீர்ப்பாயம் கேட்கும். உங்களை நேரில் பார்க்கலாம், அல்லது வழக்கின் பதிவுகளை மட்டும் படித்து அறிக்கை தரலாம். எதிர்த்தரப்பு பரிசோதனைக்கு வர மறுத்தால் பதிவுகளை வைத்தே எழுதுவார். அறிக்கை சாதகமாக இருந்தாலும் நீதிபதி அதற்குக் கட்டுப்பட்டவர் அல்ல. மற்ற ஆதாரங்களோடு சேர்த்துத்தான் எடைபோடுவார்.

கேள்வி: 45 நாளில் முடிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? செலவு எவ்வளவு?

அந்தக் கணக்கு மறைமாவட்டத் தலைவரான ஆயர் முன் நடக்கும் சுருக்க விசாரணையைப் பற்றியது. அதில் 30 நாளுக்குள் ஓர் அமர்வு, பிறகு கருத்துரைக்க 15 நாள். அதைக் கூட்டி 45 என்கிறார்கள். மனு ஏற்கப்படுவதற்கு முந்தைய நாட்களும், ஆயர் படித்துத் தீர்மானிக்கும் நாட்களும் இதில் சேரவில்லை.

இந்த வழி எல்லோருக்கும் திறப்பதில்லை. இருவரும் சேர்ந்து, அல்லது ஒருவர் மற்றவரின் சம்மதத்தோடு கேட்க வேண்டும். முன்னாள் துணை பதிலே தராததைச் சம்மதமாகக் கொள்ள முடியாது. கூடவே, நீண்ட விசாரணை தேவைப்படாத அளவுக்குச் செல்லாமை வெளிப்படையாகத் தெரிய வேண்டும். அதற்கு உதாரணமாகத் திருத்தத்தோடு வந்த விதிகள் சொல்பவை சில: மிகக் குறுகிய இல்வாழ்வு, திருமண நேரத்திலும் விடாத வேறு தொடர்பு, மலட்டுத்தன்மையையோ கடுமையான தொற்றுநோயையோ முந்தைய உறவில் பிறந்த பிள்ளைகளையோ சிறைவாசத்தையோ ஏமாற்றி மறைத்தது, சம்மதம் வாங்க அடித்தது. இவை இருந்தாலே செல்லாது என்று பொருள் இல்லை. ஆதாரம் அப்போதும் வேண்டும். ஆயருக்குத் திருப்தி வராவிட்டால் வழக்கு வழக்கமான விசாரணைக்குத் திரும்பும்.

வழக்கமான விசாரணையை முதல் தீர்ப்பாயம் ஓர் ஆண்டுக்குள்ளும், மேல்முறையீட்டை 6 மாதத்துக்குள்ளும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் ஓராண்டைத் தாண்டுவது உண்டு. சாட்சிகள் பதில் தராமல் இழுப்பதும், நிபுணர் அறிக்கை தாமதிப்பதும் பொதுவான காரணங்கள். உங்கள் சாட்சிகளை நீங்களே தொலைபேசியில் நினைவூட்டினால் பாதித் தாமதம் குறையும்.

செலவு தீர்ப்பாயத்துக்குத் தீர்ப்பாயம் மாறும். இயன்றவரை இலவசமாக நடக்க வேண்டும் என்பதே 2015-இன் திருத்தத்தின் விருப்பம். கட்டணம் கேட்டால், இயலாதவர்கள் விலக்கோ குறைப்போ கேட்டு எழுதலாம். பணம் இல்லை என்பதற்காக யாரும் மனுவைக் கைவிட வேண்டாம்.

கேள்வி: செல்லாது என்று தீர்ப்பு வந்தால் என் பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்களா? இதற்குப் பயந்தே மனு போடாமல் இருக்கிறேன்.

ஆகமாட்டார்கள். ஒரு தரப்பாவது நல்லெண்ணத்தோடு செய்த திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் சட்டப்படி முறையான பிள்ளைகளே என்று சட்டம் 1137 சொல்கிறது. திருமணம் செல்லாது என்று பின்னர் அறிவிக்கப்பட்டாலும் அது மாறாது. இந்தப் பயத்தை இன்றோடு விடுங்கள்.

கேள்வி: நான் கத்தோலிக்கன் அல்ல, திருமுழுக்கும் பெறவில்லை. என் முதல் திருமணம் எங்கள் மத முறைப்படி நடந்து, விவாகரத்தில் முடிந்தது. இப்போது கத்தோலிக்கப் பெண்ணை மணக்க இருக்கிறேன். என் பழைய திருமணத்தில் உங்கள் திருச்சபைக்கு என்ன வேலை?

நியாயமான கேள்விதான். கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணத்தையும் திருச்சபை மதிக்கிறது. அதுவும் செல்லும் என்றே அனுமானிக்கிறது. அதனால் உங்களை இன்னும் ஒருவருக்குக் கணவராகவே பார்க்கிறது. திருமுழுக்குப் பெறாதவரும் தீர்ப்பாயத்தில் மனு போடலாம். காரணங்கள், ஆதாரங்கள், முறை எல்லாம் மற்றவர்களுக்கு உள்ளதே. ஒரே வேறுபாடு, கத்தோலிக்கத் திருமண முறை உங்களைக் கட்டுப்படுத்தாது என்பதால் "குரு முன்னிலையில் நடக்கவில்லை" என்ற காரணத்தை நீங்கள் சொல்ல முடியாது.

செல்லாமையை நிரூபிக்க முடியாவிட்டாலும், திருமுழுக்குப் பெறாதவர் சம்பந்தப்பட்ட திருமணங்களுக்கு வேறு இரண்டு வழிகள் உண்டு. இருவருமே திருமுழுக்குப் பெறாதவர்களாக இருந்து, ஒருவர் பின்னர் பெற்று, மற்றவர் அமைதியாகச் சேர்ந்து வாழ மறுத்தால், புதிய திருமணத்தால் பழையது கலையும் பவுல் சலுகை பொருந்தும். ஒருவராவது திருமுழுக்குப் பெறாதவர் என்றால், விசுவாசத்தின் நலனுக்காகத் திருமணத்தைக் கலைக்கும்படி திருத்தந்தையிடம் விண்ணப்பிக்கலாம். அதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. திருமணம் முறிந்ததற்கு விண்ணப்பிப்பவர் மட்டுமோ, அவரே பெருமளவிலோ காரணமாக இருக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைத் தீர்ப்பாய அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நான் கத்தோலிக்கப் பெண். பதிவு அலுவலகத்தில் மட்டும் திருமணம் செய்து, விவாகரத்தும் ஆகிவிட்டது. எனக்கும் இவ்வளவு நீண்ட வழக்கா?

இல்லை. திருச்சபை முறைக்குக் கட்டுப்பட்டவர் விலக்கு எதுவும் இல்லாமல் பதிவு அலுவலகத்தில் மட்டும் மணந்தால், தீர்ப்பாய விசாரணை தேவையில்லை. திருமுழுக்குச் சான்றிதழ், பதிவுச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பு இவற்றோடு, பிற்பாடு அந்தத் திருமணம் ஆலயத்தில் முறைப்படுத்தப்படவில்லை என்று காட்டினால் போதும். மறுமணத்துக்கு முந்தைய விசாரணையின்போதே பங்குத்தந்தை வழியாக மறைமாவட்ட அலுவலகம் இதை முடித்துவிடும்.

கேள்வி: விவாகரத்து ஆனவள் என்பதால் நற்கருணை வாங்காமல் பல காலமாக ஆலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். வழக்கு முடியும்வரை இப்படித்தானா?

மறுமணம் செய்யாமல், வேறொருவரோடு சேர்ந்து வாழாமல் இருக்கிறீர்கள் என்றால் விவாகரத்து ஆனது நற்கருணைக்குத் தடையே அல்ல. மற்ற விசுவாசிகளைப் போலவே பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கலாம். இதை உங்களுக்கு யாரும் சொல்லாமல் விட்டது எங்களுக்கு வருத்தம் தருகிறது. சிவில் முறையில் மறுமணம் செய்தவர்களின் நிலை வேறு. அவர்கள் ஒரு குருவோடு அமர்ந்து பேசித் தெளிவு பெற வேண்டும்.

கேள்வி: விசாரணை முடிந்துவிட்டது என்று கடிதம் வந்தது. தீர்ப்பு எப்படி வரும்? மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கலாமா? தீர்ப்பு பாதகமாக வந்தால் என்ன செய்வது?

முன்பணம் வேண்டாம். எந்தக் குருவும் தீர்ப்புக்கு முன் திருமணத் தேதி தரக் கூடாது, தரவும்மாட்டார்.

இப்போது நீங்கள் இருக்கும் கட்டம் பதிவுகளைப் பார்வையிடுவது. இரு தரப்பும், அவர்களின் வழக்கறிஞர்களும் தீர்ப்பாய அலுவலகத்தில் வாக்குமூலங்களைப் படிக்கலாம். கடுமையான ஆபத்தைத் தவிர்க்க ஏதாவது ஒரு பதிவை மட்டும் நீதிபதி மறைத்துவைக்கலாம். முன்னாள் துணை உங்களைப் பற்றிச் சொன்னதைப் படிப்பது கடினமாகத்தான் இருக்கும். நம்பிக்கைக்குரிய ஒருவரோடு போய் வாருங்கள், ஆனால் படிக்காமல் விடாதீர்கள். தவறு இருந்தால் மறுக்கவும், விட்டுப்போன ஆதாரத்தைச் சேர்க்கவும் இதுவே தருணம். பிறகு திருமண பந்தக் காவலர் தன் வாதத்தை எழுதுவார். மூன்று நீதிபதிகள், அது இயலாத இடத்தில் குரு அல்லது தியாக்கோனான ஒரே நீதிபதி, தீர்ப்பளிப்பார்கள். செல்லாது என்று அறிவிக்க அவர்களுக்கு மனச்சான்றின்படி உறுதி வேண்டும். ஐயம் தீராவிட்டால் திருமணம் செல்லும் என்பதே தீர்ப்பு.

சாதகமாக வந்தால், முன்புபோல் இரண்டாவது தீர்ப்பாயம் உறுதிசெய்ய வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 8 முதல் ஒரே தீர்ப்பு போதும். தீர்ப்பு கிடைத்ததிலிருந்து 15 நாள் மேல்முறையீட்டுக்கு அவகாசம். முன்னாள் துணையோ திருமண பந்தக் காவலரோ மேல்முறையீடு செய்யாவிட்டால் தீர்ப்பு நடைமுறைக்கு வரும்.

பாதகமாக வந்தால் நீங்களும் அதே 15 நாளுக்குள் அதே தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டைப் பதிவுசெய்து, அடுத்த ஒரு மாதத்துக்குள் மேல் தீர்ப்பாயத்தில் தொடர வேண்டும். அந்தக் காலம் தவறினாலும், உண்மையாகவே வேறொரு காரணத்துக்கு ஆதாரம் இருந்தால் புதிய மனு கொடுக்கலாம். மனிதரின் திருமண நிலை பற்றிய வழக்குகள் என்றென்றைக்குமாக மூடப்படுவதில்லை.

சாதகமான தீர்ப்பின் கடைசிப் பக்கத்தைப் படிக்க மறக்காதீர்கள். தீர்ப்பாயத்தின் அல்லது ஆயரின் அனுமதியின்றி இவர் மறுமணம் செய்யக் கூடாது என்று சில வேளை தடை போட்டிருப்பார்கள். இயலாமை அல்லது ஏமாற்றுதல் காரணமாக இருந்த வழக்குகளில் இதைக் காணலாம். அந்தத் தரப்பு தன் பழைய குறை நீங்கியதைக் காட்டி, பெரும்பாலும் ஓர் ஆலோசகரின் கருத்தோடு, தடையை நீக்கக் கேட்க வேண்டும்.

அடுத்தது பதிவேடு. திருமணம் நடந்த பங்கிலும், திருமுழுக்குப் பெற்ற பங்கிலும் தீர்ப்பைக் குறித்துவைக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு ஊர் என்றால் திருமுழுக்குப் பங்குக்குத் தகவல் போகாமல் விட்டுப்போகலாம். மறுமணத்துக்காகப் புதிய திருமுழுக்குச் சான்றிதழ் வாங்கும்போது அதில் பழைய திருமணம் மட்டும் இருந்து, செல்லாமைக் குறிப்பு இல்லாவிட்டால் எல்லாம் மறுபடி நின்றுவிடும். தீர்ப்பு நடைமுறைக்கு வந்த சில வாரங்களில் நீங்களே திருமுழுக்குப் பங்கைத் தொடர்புகொண்டு, குறிப்பு ஏறிவிட்டதா என்று கேட்டு, புதிய சான்றிதழை வாங்கிவிடுங்கள். மண்டபத்துக்கு அதன் பிறகு முன்பணம் கொடுக்கலாம்.